வாகனம் பல, சுவாமி ஒன்று

சென்ற வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரம். வாசற் கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து ஒரு பெண் உள்ளே வந்தாள். பிள்ளையார்பாளையத்துப் பெண், தலைமுறை தலைமுறையாகத் தறி போட்ட வீடு. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். தை மாதம் கல்யாணம்.

பத்திரிகை கொடுக்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் குங்குமச் சிமிழைத் தேடப் போனேன். அவளோ கைப்பையிலிருந்து ஒரு பட்டுத் துண்டை எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஒரு பழைய சி.டி.

"பெரியம்மா, இதுக்குள்ளே எங்க தாத்தா இருக்கார்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறகு விஷயம் புரிந்தது.

அவளுடைய தாத்தா கரை வேலைப்பாடுகளைக் கட்டம் போட்ட தாளில் கையால் வரைந்தவர். தாழம்பூ ரேக்கு, மயில்கண், அன்னபட்சி என்று நூறு தாளுக்கு மேல். அந்தத் தாள்களைப் பார்த்து அட்டையில் துளை போட்டு, ஜக்கார்டு பெட்டியில் மாட்டி நெய்வார்கள். 2005-ல் அவளுடைய அப்பா அத்தனை தாளையும் படமெடுத்து ஒரு சி.டி.யில் போட்டு வாங்கி வைத்தார். நல்ல காரியம் செய்தார். ஏனென்றால் பிற்பாடு மூலத் தாள்களைப் பரண்மேல் கறையான் தின்றுவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன் அப்பாவும் போய்விட்டார். மிஞ்சியது இந்தத் தகடு ஒன்றுதான்.

"அம்மா முகூர்த்தப் புடவையிலே இருந்த கரையைத்தான் என் புடவைக்கும் போடணும்னு அம்மாவுக்கு ஆசை. அந்தப் புடவை நைஞ்சு போச்சு. வரைஞ்ச தாள் இதிலே இருக்கு. என் லாப்டாப்பிலே சி.டி. போடற இடமே இல்லை. மூணு கடை ஏறி இறங்கிட்டேன். ஒருத்தர் போட்டுப் பார்த்துட்டு, 'கீறல் விழுந்திருக்கு, தூக்கிப் போடுங்க'ன்னு சொல்லிட்டார்."

தூக்கிப் போடுவதாவது! காஞ்சிபுரத்தில் பழைய ஜரிகையைக்கூட யாரும் தூக்கிப் போடுவதில்லை. தாத்தாவைத் தூக்கிப் போடுவார்களா?

★

நேயர்களே, உங்கள் வீட்டு அலமாரியிலும் இப்படி நாலு தகடு இருக்கும். கல்யாணப் படம், குழந்தையின் முதல் பிறந்த நாள், காலஞ்சென்ற பாட்டி பாடிய ஊஞ்சல் பாட்டு. எடுத்துப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று? அதனால் இந்த வாரம் அந்தக் கதையையே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் எழுதிய சி.டி. என்பது என்ன? ஒரு மெல்லிய சாயப் படலம். அதில் லேசர் ஒளி சுட்டுச் சுட்டுப் புள்ளி வைத்திருக்கிறது. சாயம் என்றாலே நெசவாளர் வீட்டுப் பெண்ணுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம். வெயிலில் காய்ந்தால் வெளுக்கும். இன்னொன்று: பளபளவென்று இருக்கும் அடிப்பக்கத்தைத்தான் நாம் பொத்திப் பொத்திக் காக்கிறோம். உண்மையில் ஆபத்து மேல்பக்கத்தில், பெயர் எழுதும் பக்கத்தில்தான். பளபளப்புப் பூச்சு அங்கே மெல்லிய அரக்குக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே கீறினால் புள்ளியே போயிற்று. அடிப்பக்கத்துக் கீறலுக்காவது வைத்தியம் உண்டு.

ஒரு தகட்டில் எவ்வளவு பிடிக்கும்? 80 நிமிஷத் தகடு என்றால், விநாடிக்கு 75 கட்டம் வீதம் மொத்தம் 3,60,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் 2,048 எழுத்துக்கான இடம். தாத்தா வரைந்ததும் கட்டத் தாள். அவர் குடியிருப்பதும் கட்டத் தாள்!

இந்தக் கட்டங்கள் அத்தனையையும் முதற் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை வரிசை மாறாமல் அப்படியே ஒரே கோப்பாக எடுத்துவிட முடியும். அதற்குத்தான் தகட்டுப் பிம்பம் என்று பெயர். கோப்பின் பெயர் ஐ.எஸ்.ஓ. என்று முடியும்.

"உள்ளே இருக்கிற படங்களை மட்டும் காப்பி பண்ணினாப் போதாதா, பெரியம்மா?" என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. நல்ல தகடு என்றால் போதும். நோயாளித் தகட்டுக்குப் போதாது. ஒவ்வொரு படமாக எடுக்கும்போது தகடு முன்னும் பின்னும் ஓடும், கீறல் வந்த இடத்தில் நின்று திணறும், மறுபடி சுழலும். பிம்பம் எடுப்பதென்றால் நோயாளியை ஒரே ஒரு தடவை படுக்க வைத்துப் பரிசோதித்த மாதிரி. அப்புறம் எத்தனை முறை வேண்டுமானாலும் பிம்பத்தைப் போட்டுப் பார்க்கலாம். தகட்டைத் தொட வேண்டியதில்லை.

★

எதிர் வீட்டுப் பையனிடம் யு.எஸ்.பி.யில் சொருகும் டிரைவ் ஒன்று இருந்தது. கடன் வாங்கினோம். மெல்லிய பருத்தித் துணியால் தகட்டின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தோம். பாத்திரம் தேய்ப்பதுபோல் வட்டமாகத் துடைக்கவே கூடாது.

அவளுடைய லாப்டாப் பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்தது. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த லாப்டாப்புகளில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் வந்தது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தில் உருவான இயங்குதளம். திரையில் தமிழ் பேசும். முக்கால்வாசிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. இவளும்தான்.

"இன்னிக்குத்தான் அதுக்கு வேலை வந்திருக்கு" என்றேன்.

கீறல் விழுந்த தகட்டுக்கென்றே லினக்ஸில் 'டிடிரெஸ்க்யூ' என்று ஒரு கருவி இருக்கிறது. அதைத் தனியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மாமியாரைச் சமாளிக்கும் புத்திசாலி மருமகளைப் போன்றது அது. முதலில் சண்டை வராத இடங்களை எல்லாம் சுமுகமாக முடித்துக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் கட்டங்களை ஒரு சீட்டில் குறித்து வைத்துக்கொண்டு பிற்பாடு பொறுமையாகத் திரும்பி வரும். நடுவில் மின்சாரம் போனாலும் குற்றமில்லை. சீட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு டிரைவில் படிக்க வராததை வேறொரு டிரைவில் போட்டு, அதே சீட்டோடு மறுபடியும் முயலலாம்.

ராத்திரி ஓடவிட்டோம். காலையில் காப்பி போடும்போது பார்த்தால் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் ஏறிவிட்டது. சில கட்டங்கள் மட்டும் வரவில்லை.

"கோப்பு வந்துட்டுது. ஆனா இரண்டு தட்டு தட்டினா என்னமோ கேக்குதே, பெரியம்மா?"

இங்கேதான் பலர் வழி தவறிப் போகிறார்கள். நானும் ஒரு காலத்தில் பிம்பக் கோப்பைக் கடிதம் எழுதும் செயலியில் திறந்து, திரை முழுவதும் பேய் எழுத்தாக வர, வைரஸ் என்று பயந்து இயந்திரத்தையே அணைத்தவள்தான். பிம்பத்தைக் கடிதம் போலப் பிரித்துப் படிக்கக் கூடாது. அதை ஏற்ற வேண்டும். கணினிக்காரர் மொழியில் 'மவுண்ட்' செய்ய வேண்டும்.

★

ஏற்றுவது என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்ல எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. காஞ்சிபுரத்தில் பிறந்தவளுக்கு அது கஷ்டமா?

வரதராஜப் பெருமாள் அத்திகிரியில் 24 படி ஏறிய இடத்தில் நின்றுகொண்டிருக்கிறார். மூலவர் அசையமாட்டார். ஆனால் வைகாசி பிரம்மோற்சவத்தில் உற்சவர் வீதிக்கு எழுந்தருளுகிறார். அன்ன வாகனம், சிம்ம வாகனம், யானை வாகனம், குதிரை வாகனம். மூன்றாம் நாள் கருட சேவைக்கு ஊரே திரளுகிறது. வாகனம் நாளுக்கொன்று. சுவாமி ஒருவரே. படியேற முடியாத பாட்டிமார் வீட்டு வாசலில் நின்றபடியே சேவிக்கிறார்கள்.

தகடு மூலவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிம்பக் கோப்பு உற்சவர். அவரை எழுந்தருளப் பண்ண ஒரு வாகனமும், இறக்கி வைக்க ஒரு மண்டபமும் வேண்டும். மண்டபம் என்பது ஒரு வெறும் கோப்புறை, அவ்வளவுதான்.

ஏன் மண்டபம்? விண்டோஸில் ஒவ்வொரு டிரைவும் சி, டி, ஈ என்று தனித்தனிக் குடித்தனம். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸில் அப்படி இல்லை. அங்கே எல்லாம் ஒரே மரம். நம் ஏகாம்பரநாதர் கோயில் மாமரம் மாதிரி. ஒரே மரத்தின் நாலு கிளையில் நாலு ருசிப் பழம் என்று சொல்வார்களே, அதுபோல! புதிதாக எந்தத் தகடு வந்தாலும் அந்த ஒரே மரத்தில் ஏதோ ஒரு கிளையில் ஒட்டுப் போட வேண்டும். யூனிக்ஸ் வம்சத்தில் வந்த லினக்ஸ், மேக், பி.எஸ்.டி. எல்லாவற்றுக்கும் இதே வழக்கம்தான்.

லினக்ஸில் வாகனத்தின் பெயர் 'லூப்'. ஒரு சாதாரணக் கோப்பை, 'இது நிஜத் தகடுதான்' என்று இயங்குதளத்தை நம்ப வைக்கும் வாகனம். பல லினக்ஸ் திரைகளில் கோப்பின்மேல் வலது பொத்தானை அழுத்தினால் 'டிஸ்க் இமேஜ் மவுண்டர்' என்று வரும். அதைத் தட்டினால் போதும். கட்டளையாக எழுதுவதானால் முதலில் ஒரு வெறும் கோப்புறை. பிறகு 'மவுண்ட்' என்ற சொல். 'லூப்' என்றும், படிக்க மட்டும் என்பதற்கு 'ஆர்ஓ' என்றும் இரண்டு விருப்பங்கள். அதன் பின் பிம்பத்தின் பெயர். கடைசியில் மண்டபத்தின் பெயர். எல்லாவற்றுக்கும் முன்னால் 'சூடோ' என்று போட வேண்டும். கோயிலில் அதிகாரியின் உத்தரவு இல்லாமல் சுவாமி புறப்பாடு உண்டா?

அவள் தட்டினாள். கோப்புறையில் நூற்றுச் சொச்சம் படங்கள் வந்து நின்றன. முதற் படத்தைத் திறந்தாள். மஞ்சள் பூத்த கட்டத் தாள். ஓரத்தில் பென்சிலால் தாத்தா போட்டிருந்த கணக்கு. அவள் ஒன்றும் பேசவில்லை. நானும் எழுந்து அடுப்படிக்குப் போய் வந்தேன்.

பார்த்து முடித்தால் இறக்க வேண்டும். அதற்குக் கட்டளை 'யூமவுண்ட்'. 'அன்மவுண்ட்' என்று எழுதினால் கேட்காது. நடுவில் ஓர் 'என்' எழுத்தை அந்தக் காலத்து மேதைகள் மிச்சம் பிடித்துவிட்டார்கள். சில சமயம், 'டார்கெட் இஸ் பிஸி' என்று இயந்திரம் முறைக்கும். பயப்படாதீர்கள். இன்னும் யாரோ மண்டபத்தில் நின்று சேவித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். திறந்த படத்தை மூடி, அந்தக் கோப்புறையை விட்டு வெளியே வந்து, மறுபடி சொன்னால் கேட்கும்.

★

தாத்தாவை இனி ஒரே வீட்டில் வைத்திருப்பதில்லை என்று முடிவு செய்தோம். மூன்று பிரதி, அதில் ஒன்றாவது வெளியூரில். அனுப்பும்போது 'ஷா-256' என்ற முத்திரையையும் சேர்த்து அனுப்பினோம். 64 எழுத்துக் கொண்ட முத்திரை அது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை மாறிவிடும். போன இடத்தில் கணக்கிட்டு, அதே முத்திரை வருகிறதா என்று பார்த்தால் போதும்.

பெங்களூரில் அவளுடைய சித்தி பெண் மேக் வைத்திருக்கிறாள். அங்கே கோப்பை இரண்டு தட்டு தட்டினாள், தானாக ஏறிவிட்டது. பார்த்த பின் 'எஜெக்ட்'. கட்டளையில் செய்ய விரும்புகிறவர்களுக்கு 'எச்டிஐயூட்டில்' என்று ஒன்று உண்டு. ஏற்ற 'அட்டாச்', இறக்க 'டிடாச்'.

என் தம்பி மகன் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஃப்ரீபிஎஸ்டியைத் தவிர வேறு தொடமாட்டான். அங்கே இரண்டு காரியம். முதலில் 'எம்டிகான்ஃபிக்' என்று சொல்லிக் கோப்பை 'எம்டி' வாகனத்தில் அமர்த்த வேண்டும். பிறகு, இது சி.டி. 9660 வகை என்று சொல்லி மண்டபத்தில் ஏற்ற வேண்டும். முடிந்ததும் இறக்கிவிட்டு, வாகனத்தையும் தனியே கொட்டகைக்கு அனுப்ப வேண்டும். லினக்ஸில் 'லூப்' என்று சொல்லி ஏற்றினால் வாகனம் தானே கொட்டகைக்குப் போய்விடும்; இங்கே நாம்தான் ஓட்டிப் போக வேண்டும். ஓபன்பிஎஸ்டியிலும் நெட்பிஎஸ்டியிலும் இதே சம்பிரதாயம். வாகனத்துக்குப் பெயர் மட்டும் 'விஎன்டி'.

பெரிய நிறுவனங்களில் ஓடிய சோலாரிஸில் 'லோஃபி' என்பது வாகனம். அங்கே கோப்பின் விலாசத்தை வேரிலிருந்து முழுசாக எழுத வேண்டும். கோப்பு முறையின் பெயரை 'எச்எஸ்எஃப்எஸ்' என்று போட வேண்டும். அதன் விரிவு 'ஹை சியர்ரா ஃபைல் சிஸ்டம்'. அது ஒரு ஹோட்டலின் பெயர் என்றால் நம்புவீர்களா? 1985-ல் அமெரிக்காவில் டாஹோ ஏரிக்கரையில் அந்தப் பெயர் கொண்ட ஹோட்டலில் பல கம்பெனிக்காரர்கள் கூடினார்கள். ஒருவர் எழுதிய தகட்டை இன்னொருவர் இயந்திரமும் படிக்க வேண்டும் என்று பேசினார்கள். அதிலிருந்து பிறந்ததே 1988-ல் வந்த ஐ.எஸ்.ஓ. 9660 என்ற சர்வதேச விதி. வெவ்வேறு கம்பெனிகள் கூடி அந்த ஒரு விதிக்கு வந்ததால்தான், 2005-ல் பிள்ளையார்பாளையத்தில் எழுதிய தகட்டை இன்று எந்த வாகனத்திலும் ஏற்ற முடிகிறது.

விண்டோஸ்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல் அங்கேயும் இரண்டு தட்டில் ஏறும்.

ஓர் எச்சரிக்கை. பாட்டு சி.டி.க்கு இந்த வழி செல்லாது. அதில் கோப்பே கிடையாது, வெறும் ஒலித் தடங்கள். அவற்றைத் தனியே பாட்டாகப் பிரித்து எடுக்க வேண்டும். கல்யாண 'வி.சி.டி.'யும் அப்படித்தான்: படம் இருக்கும் தடத்தின் கட்ட அளவு வேறு. சாதாரணப் பிம்பம் எடுத்து, 'ஆகா, வந்துவிட்டது' என்று மூலத்தை எறிந்துவிட்டால் மாங்கல்ய தாரணம் போயே போய்விடும். அதற்கென்று 'வி.சி.டி. இமேஜர்' போன்ற கருவிகள் உண்டு. எதுவானாலும் எடுத்த பிரதியை முழுக்க ஓட்டிப் பார்த்த பிறகே மூலத்தைப் பற்றி யோசியுங்கள். அப்போதும் எறியாதீர்கள்.

★

இனி கரை விஷயம்.

சனிக்கிழமை அவளுடைய அம்மாவும் வந்தார். தார் சுற்றிச் சுற்றிக் காய்ப்பேறிய விரல்கள். கம்ப்யூட்டர் என்றால் இரண்டடி தள்ளி உட்காருகிறவர். ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டே வந்தோம். எல்லாம் திறந்தன; மூன்றைத் தவிர. அந்த மூன்றில் ஒன்று, எங்கள் அதிர்ஷ்டம், தேடி வந்த அதே தாழம்பூ ரேக்கு.

மேல் பாகம் தெளிவாக இருக்கிறது. பாதிக்குச் சற்றுக் கீழே வந்ததும் ஒரே சாம்பல் பூச்சு. வராமற்போன கட்டங்கள் இங்கேதான் பழி வாங்கியிருக்கின்றன. அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. "இவ்வளவு தூரம் வந்தும் இப்படி ஆயிட்டுதே, பெரியம்மா" என்றாள். எனக்கும் தொண்டையை அடைத்தது. இன்னொரு டிரைவில் போட்டுப் பார்க்கலாம், இன்னொரு ராத்திரி ஓடவிடலாம் என்று ஏதேதோ சொன்னேன்.

அம்மா மட்டும் கிட்டே வந்து, முதல் தடவையாகத் திரையைத் தொட்டார். நடுவில் ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இதுதானேம்மா பூவோட நடு? நடுவு தெரியுது இல்லே? மேல் பாதியைத் திருப்பிப் போட்டா அதுதானே கீழ்ப் பாதி! உங்க தாத்தா பாதிதான் யோசிப்பார். மீதியை அட்டையைத் திருப்பி ஓட்டியே நெய்வோம். நாற்பது வருஷமா பார்க்கிறேன்."

நானும் அந்தப் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ராத்திரி முழுவதும் ஓடிய இயந்திரத்துக்கும், ஊருக்கெல்லாம் உபதேசம் செய்யும் எனக்கும் தோன்றாத வழி அது.

அன்றைக்கே படத்தை எடுத்துக்கொண்டு கட்டம் வரைகிறவரிடம் போனார்கள். நேற்று போனில் அழைத்தாள். அட்டை அடிக்கக் கொடுத்தாகிவிட்டதாம். தறி ஏற அடுத்த வாரம் நாள் பார்த்திருக்கிறார்களாம்.

"தகட்டை என்ன பண்றது, பெரியம்மா?" என்று கேட்டாள்.

"அதே பட்டுத் துண்டிலே சுற்றி, வெயில் படாத இடத்திலே வை. உற்சவர் ஊர் சுற்றி வந்தாலும் மூலவர் மூலவர்தான்" என்றேன்.

நேயர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்து பாருங்கள். எதிர் வீட்டில் டிரைவ் இருக்கிறதா என்றும் கேட்டு வையுங்கள். வாங்கினால் மறக்காமல் திருப்பிக் கொடுங்கள். நான் இன்னும் கொடுக்கவில்லை. அந்தப் பையன் இரண்டு தடவை வாசலில் வந்து இருமிவிட்டுப் போய்விட்டான்.